ஒருவர் மீக்மவ், பலர் மீக்மக்

அவையோரே, கனடாவின் கிழக்குக் கரையைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இங்கே பலர் இருக்கிறீர்கள். நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூ பிரன்ஸ்விக்கின் பெரும்பகுதி, கியூபெக்கின் காஸ்பே எல்லாம் சேர்ந்தது மீக்மாகி. அந்த மண்ணின் பழங்குடிகளான மீக்மவ் மக்களை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒருவர் என்றால் மீக்மவ். பலர் என்றால் மீக்மக். மொழியையோ பாட்டையோ குறிக்கும் அடைமொழியும் மீக்மவ்தான்: மீக்மவ் மொழி, மீக்மவ் பெண். 'அவர் ஒரு மீக்மக்' என்று எழுதினால், 'அவர் ஒரு மக்கள்' என்று எழுதியதற்கு ஒப்பாகும். நம் கை பழக்கத்தில் 'கள்' சேர்த்து 'மீக்மக்கள்' என்று எழுதிவிடும். கண்ணுக்குத் தமிழ் போலவே இருக்கிறது, அதனால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மீக்மக் ஏற்கெனவே பன்மை. 'மக்கள்கள்' என்று நாம் எழுதுவோமா? தங்களை அவர்கள் எல்னு என்றும் சொல்வார்கள். மனிதர் என்று பொருள். அதன் பன்மை எல்னூக்.

ஆங்கில எழுத்தில் இந்தப் பெயரைச் சிலர் 'கே' போட்டும், கியூபெக்கின் லிஸ்டுகுஜ் ஊரார் 'ஜி' போட்டும் எழுதுகிறார்கள். எது சரி என்று குழம்ப வேண்டாம். 'கே' முறை 1974-ல் மொழியியலாளர்கள் பெர்னி பிரான்சிஸும் டக் ஸ்மித்தும் வகுத்தது. இரண்டும் ஒரே ஒலிதான். 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் பகரம் வல்லென்று ஒலிக்கிறது, இரண்டாவது மெலிகிறது, எழுத்தோ ஒன்றே. அந்த மொழியிலும் சொல்லின் முதலில் வல்லொலி, உயிர்களுக்கு நடுவே மெல்லொலி. தமிழருக்கு இதைப் புரியவைக்க நான் மெனக்கெட வேண்டியதே இல்லை! அங்கே நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் பின் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இடுகிறார்கள். நமக்கோ 'மீ' என்று நெடிலே இருக்கிறது. பன்மையின் கடைசி ஒலி மட்டும் தொண்டையில் உரசி வருவது. ஆய்தத்தை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

'மிக்மாக்' என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல்லைப் பழைய நூல்களில் காண்பீர்கள். வெளியார் எழுதிவைத்த வடிவம் அது. 2022-ல் நோவா ஸ்கோஷியா அரசு மீக்மவ் மொழியை அந்த மாகாணத்தின் முதல்மொழியாகச் சட்டமியற்றி ஏற்றது. அதன் பிறகும் அந்தப் பழைய வடிவத்தையே நாம் அச்சேற்றுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அவர்கள் நன்றி சொல்வதிலும் எண் உண்டு. ஒருவருக்கு என்றால் வெலாலின். இங்கே பலர் அமர்ந்து கேட்டீர்கள். வெலாலியொக்.