தீர்ப்பும் காரணமும்: இஸ்லாமிய வங்கியியலில் அறிவு மேலாண்மை

நேயர்களுக்கு வணக்கம். இஸ்லாமிய வங்கியியல் என்றதும் நம் பகுதியில் முதலில் எழும் கேள்வி, வட்டி வாங்காமல் ஒரு வங்கி எப்படிப் பிழைக்கும் என்பதுதான். மண்ணடியில் இரும்பு வியாபாரம் செய்கிற ஒருவரிடம் கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார். சரக்கைக் கொள்முதல் செய்து, லாபம் வைத்து, தவணைக்கு விற்பது அவருடைய அன்றாடத் தொழில். இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு அடுத்த கேள்வி. ஒரு பரிவர்த்தனை மார்க்கப்படி ஏன் கூடும், இன்னொன்று ஏன் கூடாது என்ற அறிவை அந்த வங்கி எங்கே சேர்த்து வைக்கிறது, அது யார் யாரிடம் இருக்கிறது, அவர்கள் விலகிப் போனால் அதன் கதி என்ன? நிர்வாகவியலார் இதை அறிவு மேலாண்மை என்கிறார்கள். எந்த நிறுவனத்துக்கும் இது வேண்டியதே என்றாலும், இஸ்லாமிய வங்கியில் இது தளர்ந்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தகுதியே போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு 4 லட்சம் ரூபாயில் ஒரு லேத் மெஷின் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வங்கி அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கும். முராபஹா என்னும் ஒப்பந்தத்தில், வங்கி அந்த மெஷினைத் தானே வாங்கி, வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குத் தவணையில் விற்கிறது. பேசி முடித்த விலை, தவணை தப்பினாலும் ஏறக் கூடாது. தாமதத்துக்கென்று ஏதேனும் வசூலித்தால் அது தர்மக் கணக்குக்குப் போக வேண்டுமே தவிர வங்கியின் வருமானத்தில் சேரக் கூடாது. வங்கி வாங்கியதற்கும் பட்டறைக்காரருக்கு விற்றதற்கும் இடைப்பட்ட நேரத்தில், அது ஒரு மணி நேரமே ஆனாலும், மெஷின் வங்கியின் உடைமை. அந்த நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து அது நொறுங்கிப்போனால் நட்டம் வங்கியைச் சேர்ந்தது. அந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டதால்தான் லாபம் ஹலால் ஆகிறது.

இப்போது மாதக் கடைசியில் இலக்கை எட்டத் துடிக்கும் ஒரு கிளை அதிகாரியை எண்ணிப் பாருங்கள். அவர் வாடிக்கையாளரை உட்காரவைத்து, வங்கியின் சார்பில் அவரே பொருளை வாங்குவதற்கான முகவர் ஒப்பந்தம், கொள்முதல் அறிவிப்பு, விற்பனை ஒப்பந்தம் மூன்றிலும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கிவிடுகிறார். படிவத்தில் பிழையில்லை, முத்திரையும் விழுந்திருக்கிறது. ஆனால் வங்கி தனக்கு இன்னும் சொந்தமாகாத பொருளை விற்றிருக்கிறது. ஷரீஆ எனப்படும் இஸ்லாமியச் சட்டத்தின்படி நடக்கும் தணிக்கையில் பிடிபட்டால் அந்த லாபம் முழுவதும் தர்மத்துக்குப் போய்விடும்.

விதி எழுதப்படாமல் இல்லை. பஹ்ரைனில் 1991 முதல் இயங்கிவரும், இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குக் கணக்கியல், தணிக்கை, ஷரீஆ விதிகளை வகுக்கும் அயோஃபி அமைப்பின் 8ஆம் ஷரீஆ நியமம் முராபஹாவைப் பற்றியதுதான். விற்கும் முன் பொருள் வங்கியின் உடைமையில் வந்திருக்க வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. இருந்தும், அனுபவமுள்ள அதிகாரி கோப்பைத் திறந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன்பாக டெலிவரி சலானின் தேதியையும் விற்பனை ஒப்பந்தத்தின் தேதியையும் அருகருகே வைத்துப் பார்க்கிறாரே, அந்தப் பழக்கம் எந்த நியமத்திலும் இல்லை. வட்டி வங்கியில் பல்லாண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு அது தானாக வந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டும். கற்றவர் ஓய்வு பெறுவதற்குள் அது அடுத்தவருக்குக் கைமாற வேண்டும்.

மார்க்க அறிஞர்களிடம் உள்ள அறிவு இன்னும் நுட்பமானது. ஒரு பொருளைத் தவணைக்கு விற்று அதையே குறைந்த விலைக்கு ரொக்கமாகத் திரும்ப வாங்கும் பைஉல் ஈனாவை மலேசியாவில் ஏற்றிருந்தார்கள். வளைகுடா நாடுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் மறுத்தார்கள். வாடிக்கையாளர் தவணைக்கு வாங்கிய பொருளை வங்கியே வேறொருவருக்கு விற்று அவருக்கு ரொக்கம் தரும் ‘ஏற்பாடு செய்யப்பட்ட தவர்ருக்’ கூடாது என்று, இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான பன்னாட்டு ஃபிக்ஹ் அகாதமி 2009இல் தீர்மானித்த பிறகும் பல வங்கிகள் அதைத் தொடர்கின்றன. கூடும், கூடாது என்ற தீர்ப்பு மட்டும் ஆவணத்தில் இருந்து, எந்த நிபந்தனையில், எந்தத் தேவையைக் கருதி, எந்த மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளியின்) ஆதாரத்தில் என்ற காரணம் விடுபட்டால், சூழ்நிலை மாறும்போது அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஷார்ஜாவின் டானா கேஸ் நிறுவனம் 2017இல், ஏறத்தாழ 70 கோடி டாலர் மதிப்புள்ள தன்னுடைய சுகூக் என்னும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்கள் அப்போதைய நிலையில் ஷரீஆவுக்குப் பொருந்தாததால் சட்டப்படி செல்லாது என்று தானே அறிவித்தபோது, அவற்றை நம்பி வாங்கியிருந்த முதலீட்டாளர்கள் திகைத்துப்போனார்கள். வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போய், மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

இந்த விஷயத்தில் மலேசிய மத்திய வங்கி செய்திருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1997இல் அது தன்னிடமே ஒரு ஷரீஆ ஆலோசனைக் குழுவை அமைத்தது. அதன் தீர்மானங்களை ஆதாரங்களோடும் காரணங்களோடும் எவரும் படிக்கும்படி வெளியிட்டு வருகிறது. ஒரே அறிஞர் பல வங்கிகளின் குழுக்களில் உட்காருவதையும் அங்கே கட்டுப்படுத்தினார்கள். இதனால் புதியவர்கள் உள்ளே வந்தார்கள், அறிவு நாலு பேர் தலைக்குள் முடங்காமல் பரவியது.

நம் நாட்டில் அத்தகைய வங்கி இல்லை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழிசெய்யலாம் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் பரிந்துரைத்தது. அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்த செய்தி 2017இல் வெளியானது. ஆனால், வங்கி வரட்டும் பிறகு பார்க்கலாம் என்று நாம் இருந்துவிட வேண்டியதில்லை. இங்கே பல மஹல்லாக்களில், அதாவது பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்புகளில், பைத்துல்மால் என்னும் பொதுநிதி இருக்கிறது. நகையை ஈடாக வைத்துக்கொண்டு அழகிய கடன் என்னும் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். அங்கே அறிவு எப்படிக் காக்கப்படுகிறது?

நான் பார்த்த ஒரு பேரேட்டில் தேதி, பெயர், நகையின் எடை, கொடுத்த தொகை, ஜாமீன் கையெழுத்து எல்லாம் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒருவருக்கு இரண்டு முறை அவகாசம் நீட்டப்பட்டதற்குச் சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும் இருந்தது. ஏன் நீட்டினார்கள் என்பது செயலாளரின் நினைவில் இருந்தது. அந்தப் பெரியவருக்கு மஹல்லாவின் ஒவ்வொரு வீடும் தெரியும். யாருக்குப் பொறுக்கலாம், யாரிடம் கறாராகக் கேட்கலாம் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்குப் பின் அந்தப் பேரேட்டை எடுப்பவருக்குச் சிவப்புக் கோடு ஒன்றும் சொல்லாது.

இதில் ஆபத்தும் உண்டு. லாக்கர் வாடகை, எழுதுபொருள் போன்ற உண்மையான செலவுக்கு மட்டும் ஒரு சிறு கட்டணம் வாங்கலாம் என்று அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். கடன் தொகைக்கு ஏற்பக் கூடுகிற கட்டணத்தை அனுமதிப்பதில்லை, ஏனென்றால் அது வட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மார்க்க அறிஞரான ஹஜ்ரத்தைக் கேட்டு, கணக்குப் பார்த்து, ஒரு நிர்வாகக் குழு ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்திருக்கும். காரணம் எழுதப்படாததால், அடுத்து வரும் குழு நல்லெண்ணத்தோடேயே அதை நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றிவிடக்கூடும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. பைத்துல்மால் நிர்வாகிகளை நான் கேட்டுக்கொள்வது, அந்த எழுத்தை இன்னும் ஒரு பத்தி நீட்ட வேண்டும் என்பதே. அவகாசம் கொடுத்தாலும் விண்ணப்பத்தை மறுத்தாலும் கட்டணத்தை மாற்றினாலும், கேட்கப்பட்ட கேள்வி, ஹஜ்ரத் தந்த பதில், அதற்கான காரணம் ஆகியவற்றைத் தேதியிட்டுத் தமிழில் எழுதுங்கள். கடன் வாங்கியவரின் மானம் காக்க, பெயருக்குப் பதிலாகப் பேரேட்டு எண்ணைக் குறித்தால் போதும். மாதம் ஒருமுறை மார்க்கக் கல்வி பெற்ற ஓர் இளம் ஆலிமும் பி.காம். படித்த ஓர் இளைஞரும் சேர்ந்து அமர்ந்து அதை வாசித்து, பொருள்வாரியாகப் பிரித்து வைக்கட்டும். பக்கத்து மஹல்லாவின் குறிப்பேட்டோடு அதை ஒப்பிடும்போது, ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் கொடுக்கப்பட்டிருப்பது தெரியவரும்; அவற்றை எடுத்துக்கொண்டு இரு ஹஜ்ரத்மார்களிடமும் சேர்ந்து போய்க் கேட்கலாம். நன்றி, வணக்கம்.