வராதவர்களுக்கும் உரியது நூலகம்

(தேசிய நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, இந்தக் கிளை நூலகத்துக்கு இருக்கைகளும் மின்விசிறிகளும் வாங்கித் தந்த புரவலர் பெருமக்களே, இடம் போதாமல் நடைவழியில் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பேரூராட்சித் தலைவர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். வாசலில் மழைக்காலம் முழுவதும் தேங்கி நின்ற தண்ணீருக்கு வடிகால் அமைத்துத் தந்தவர் அவர். முதியவர்கள் இன்று கால் நனையாமல் உள்ளே வருகிறார்கள் என்றால் அது அவர் முயற்சி.

நூலகத்துக்கு வராதவர்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் வருவதில்லை, நாம் அவர்களிடம் எப்படிப் போவது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், பார்வையற்றோருக்கு என்ன வழி என்று நான்கு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நம் நூலகங்கள் நெடுங்காலமாக இந்தப் பழமொழிப்படியே நடந்து வருகின்றன. உறுப்பினராகிக் கேட்பவருக்குப் புத்தகம் கிடைக்கிறது. கேட்காதவருக்கு ஆர்வம் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு நூலகம் எந்நேரமும் பூட்டிய கதவுதான். நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்களே அமர்ந்திருப்பதைப் பார்த்துப் படியோடு திரும்பிவிடும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். முகவரிச் சான்று என்ற சொல்லைக் கேட்டதுமே தயங்குகிறவர்கள் வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்த் தொழிலாளர்கள்.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஒரு தெரு உண்டு. வாசகர் வட்டத் தம்பிகளும் நானும் துணிப்பைகளில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். முதல் வீட்டுத் திண்ணையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமலே, “தவணைக்கு எதுவும் வாங்க மாட்டேன் தம்பி, போயிட்டு வாங்க” என்றார். பையோடு வருகிறவர் எல்லாம் எதையாவது விற்க வருகிறவர் என்பது அவருடைய அனுபவம். பணம் வேண்டாம், படித்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும் என்று விளக்கினோம். “இந்தத் தூள் கையோட எந்தப் பக்கத்தைப் புரட்டுறது?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. பள்ளி விட்டு வந்த அவருடைய பேத்திதான் பையிலிருந்து ஒரு நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தை உருவி, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். இலையைச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கும் அந்தக் கை ஒரு கணமும் நிற்கவில்லை. குழந்தை மூச்சு வாங்க நிறுத்தியபோது, “ஏன் நிறுத்துற? இந்தக் கட்டு முடியுற வரைக்கும் படி” என்றார் பாட்டி. அதற்குள் எதிர் வீட்டு அக்காவும் பக்கத்து வீட்டு மதினியும் தங்கள் சுளகோடு அதே திண்ணைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம் என்று ஒரு புத்தகம் வேண்டும் என்றார் ஒருவர். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதும் முறை தெரிய வேண்டும் என்றார் இன்னொருவர். கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

தேடிப் போவது நமக்குப் புதிதன்று. 1910இல் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ், அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலக அறிஞரை வரவழைத்தார். அந்த நூலக இயக்கத்தில் புத்தகங்கள் பெட்டிகளில் கிராமங்களுக்குப் போயின. சீர்காழியில் பிறந்த நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்ற விதிகளை நூலாக வெளியிட்டது 1931. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, மன்னார்குடி அருகே மேலவாசல் கிராமத்தில், கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. பொறியாளராக இருந்தவர் அவர். வாசகரைத் தேடிச் சென்ற அந்த வண்டி அழுகைக்குக் காத்திருக்கவில்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக நம் சென்னை மாகாணத்தில்தான் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி செலுத்துகிறோம். பீடி சுற்றும் அந்த அம்மாவின் வீட்டு ரசீதிலும் அந்தத் தொகை இருக்கிறது. நூலகத்தின் படியை மிதிக்காதவரும் நூலகத்துக்குப் பணம் கட்டியவரே. அவர் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோவது தருமம் ஆகாது. அவருக்கு நாம் தர வேண்டிய பாக்கி அது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற நியாயம், பாலுக்கான காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட இடத்தில் செல்லாது.

வீடுகளுக்கு நூல்களைக் கொண்டுசெல்ல அரசு ‘நூலக நண்பர்கள்’ என்னும் திட்டத்தை ஏற்படுத்தி, தன்னார்வலர்களை இணைத்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தன்னார்வலருக்குத் தேர்வு வரும், திருமணம் ஆகும், வேறு ஊரில் வேலை கிடைக்கும். ஆகவே என் கோரிக்கை இதுதான்: வசூலான நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நிலுவையின்றி நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும், அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவரைச் சம்பளத்தோடு புத்தகம் கொண்டுசெல்லும் பணியில் அமர்த்த வேண்டும். அவருக்கு ஒரு மிதிவண்டியும் மழைக்கு நனையாத பெட்டியும் கொடுங்கள். வீடு வீடாகக் கேட்டறிந்து எழுத ஒரு குறிப்பேடும் கொடுங்கள். பார்வையற்றோருக்கான ஒலிநூல்களும் அந்தப் பெட்டியில் இடம்பெற வேண்டும்.

மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் இங்கே இருப்பதால், இதைத் தீர்மானமாக முன்மொழிந்து அவர் கையிலேயே ஒப்படைக்கத் தலைவர் அவர்களின் அனுமதியைக் கோருகிறேன். கையெழுத்துத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. உங்கள் பெயருக்குக் கீழே, உங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் புத்தகம் போக வேண்டும் என்பதையும், அந்த வீட்டாரைக் கேட்டுக்கொண்டு வந்து, இந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.