திரையைத் தைத்தது யார்?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். 'இத்தாலிய நடிகை சோபியா லாரனை உயர்த்தியது அழகா, உழைப்பா?' என்பது தலைப்பு. நான் உழைப்பே என்று பேச வந்தவன். ஆனால் எதிரணி அண்ணன் என்னைத் தலைப்புப் பக்கம் போக விடவில்லை.

"சன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு நின்றே பரிசு வாங்கினாரே, அதுதான் அழகு! எதிரணித் தம்பி அப்படிச் சுற்றிக்கொண்டு போனால் நாய்தான் துரத்தும்" என்றார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சரி, துரத்தட்டும்.

அண்ணே, சுற்றவில்லை, தைத்தார்கள்! நேப்பிள்ஸ் பக்கத்தில் பொட்சுவோலி என்று கடலோர ஊர். போர் முடிந்த சமயம், வீட்டில் சல்லிக்காசு கிடையாது. 15 வயதுப் பெண்ணுக்கு அழகிப் போட்டிக்குப் போட ஒரு கவுன் இல்லை. பாட்டி அண்ணாந்து பார்க்கிறார். சன்னலில் இளஞ்சிவப்புத் திரை. கழற்றினார், வெட்டினார், தைத்தார். காலுக்கு? இருந்தது கறுப்பு ஷூ, அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். பின்வரிசைக்குக் கேட்டதா? உடம்பில் சன்னல் திரை, காலில் பெயின்ட், வானத்தில் ஒரு மேகம் வந்தால் கதை கந்தல்!

அப்படிப் போய் முதல் பரிசா வாங்கினார்? இல்லையே! ராணி மகுடம் வேறொரு பெண்ணுக்கு. இவர் 12 இளவரசிகளில் ஒருவர். கிடைத்தது இத்தாலியப் பணம் 23,000 லிரா, ரோமுக்கு ரயில் டிக்கெட், அப்புறம் சுவரில் ஒட்டுகிற வால்பேப்பர். சன்னலுக்குப் போனது சுவருக்கு வந்தது, கணக்கு நேர்.

அழகு அழகு என்கிறீர்களே, ரோமில் கேமராக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? மூக்கு நீளம், வாய் பெரிசு, படத்துக்கு ஆகாது! மூக்கைச் சரிசெய்யச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார். 'டூ விமன்' என்கிற இத்தாலியப் படத்தில் முதலில் மகள் வேடம்தான், தாயாக நடிக்க வேண்டியவர் அன்னா மன்யானி என்கிற நடிகை. அவர் மறுத்ததும் 25 வயதில் இவரே போரில் சீரழிந்த தாயானார். குண்டுவீச்சுக்குப் பயந்து ரயில் சுரங்கத்தில் படுத்துறங்கிய பிள்ளைக்கு அதை யார் சொல்லித்தர வேண்டும்? ஆங்கிலம் அல்லாத படத்துக்காக நடிப்பு ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் இவர்தான், 1962இல். மேடைக்குக்கூடப் போகவில்லை, மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயந்து ரோமிலேயே இருந்துவிட்டார்.

இன்னும் ஒன்றே ஒன்று, மணியடிக்காதீர்கள். சோபியாவின் அம்மா, ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் சாயல் யாருக்கு என்ற போட்டியில் ஜெயித்தவர். ஹாலிவுட் போக வீட்டில் விடவில்லை. நம்பியவனும் தாலி கட்டவில்லை. அந்த மனிதர் மூத்தவள் சோபியாவுக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார், தங்கை மரியாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். பெற்ற பிள்ளைக்கு, ஐயா! நடித்துச் சம்பாதித்த காசில் 10 லட்சம் லிராவை அப்பாவிடமே கொடுத்து, அந்தப் பெயரைத் தங்கைக்கு வாங்கித் தந்தார் சோபியா. தம்பி தங்கைக்காகத் தன் ஆசையை விட்ட அக்காமார் இந்தச் சபையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்களுக்குத் தெரியும் அந்தக் காசின் கனம்.

தலைப்பே எனக்கு மறந்துவிட்டது, நடுவர் அவர்களே. தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த அக்காவை மட்டும் வெறும் அழகு என்று சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.