பழைய ஃபிரிட்ஜுக்குள் பாம்பு முட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். குளிர வைப்பது என் தொழில். இன்று நான் பேசப் போவதோ கதகதப்பைப் பற்றி. தாயின் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பாம்பு முட்டைகளை ஒரே சீரான வெப்பத்தில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில், வீடுகளுக்குள் வரும் பாம்பைப் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைக்கும் இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு சித்திரை மாதக் கடைசியில் அவர்கள் என் கடைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு புற்று இடிந்து, சாரைப்பாம்பின் முட்டைகள் பதினொன்று கிடைத்திருந்தன. தாய் போய்விட்டது. வனத்துறை அலுவலர், பொரிக்கும் வரை பாதுகாக்க ஒப்புக்கொண்டு, ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். அனுமதியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஊர்வனவற்றின் முட்டையையும் விலங்கு என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வனத்துறைக்குத் தெரியாமல் ஒரு முட்டையைக்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கம்ப்ரஸர் போன 165 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒன்று கடையில் கிடந்தது. சுவர் முழுக்கப் பஃப் என்னும், சூட்டை எளிதில் கடத்தாத நுரை அடைத்தது. இதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. உள்ளே ஃபிரிட்ஜ் பல்பு ஒன்று, 15 வாட். குறித்த சூடு வந்ததும் பல்பை அணைத்து, குறைந்ததும் எரியவிடும் மின்னணுத் தெர்மோஸ்டாட் ஒன்று. 29 டிகிரியில் நிறுத்தினேன். பட்டறையிலேயே, தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன்.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தது. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குத் திறந்து பார்த்தபோது உள்ளே 36.5 டிகிரி. பல்பு அணைந்துதான் இருந்தது. தெர்மோஸ்டாட் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பல்பால் சூட்டை ஏற்ற முடியும், இறக்க முடியாது. இந்த எளிய விஷயம், குளிர்பதனத் தொழிலில் இத்தனை காலம் இருந்த எனக்கு உறைக்கவில்லை. இரவில் இன்னொரு கோளாறு: பல்பு எரிந்தால் மளமளவென்று ஏறும், அணைந்தால் சரசரவென்று இறங்கும். பதினொரு முட்டைகளில் நான்குதான் பொரித்தன. அவற்றில் ஒன்றுக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. பொரிக்காதவற்றில் சிலவற்றுக்குள் செதில் வரை முழுதாக வளர்ந்த குட்டிகள் சுருண்டு கிடந்தன. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல என்று பழமொழி சொல்கிறோம். பாம்பு ஏன் அங்கே போகிறது என்று அந்த ஆண்டுதான் யோசித்தேன். வெளியே மண் கொதித்தாலும் மூன்றடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே தெரியாது. சுற்றியிருக்கும் மண்ணின் எடைதான் காரணம். அத்தனை மண்ணும் சூடாக வேண்டும், அத்தனை மண்ணும் ஆற வேண்டும். அதற்குள் பொழுது மாறிவிடுகிறது. என் ஃபிரிட்ஜுக்குள் இருந்ததோ வெறும் காற்று. 165 லிட்டர் காற்று 200 கிராம்கூட எடை வராது. அதை ஒரு டிகிரி சூடாக்க 15 வாட் பல்புக்குப் பதினைந்து விநாடி போதும். அதே இடத்தில் இருபது லிட்டர் தண்ணீர் இருந்தால், அந்தத் தண்ணீர் ஒரு டிகிரி ஏற அதே பல்புக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

அடுத்த ஆண்டு பத்து இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் அடுக்கினேன். முட்டை டப்பா நடுவில். தெர்மோஸ்டாட் காட்டும் எண் அன்றிலிருந்து துள்ளவில்லை. மின்சாரம் போனாலும் சில மணி நேரம் கவலையில்லை. விலை உயர்ந்த கருவி வாங்கும் முன் தண்ணீரைச் சேருங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

வெயிலுக்கு என்ன செய்வது? இதுதான் நம் ஊரின் உண்மையான கேள்வி. குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றுதான் பேசும். நமக்குச் சித்திரை, வைகாசியில் எதிரி சூடுதான். பெட்டியைத் தகரக் கூரையிலிருந்து எடுத்து வீட்டின் நடு அறைக்கு மாற்றினேன். தரைத்தளம், கனத்த சுவர், வெயில் படாத இடம். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து ஃபிரிட்ஜ் கதவை ஒரு சாண் திறந்து வைப்பேன். முட்டைகள் தங்கள் டப்பாவுக்குள் மூடித்தான் இருக்கும். பாட்டில்கள் மட்டும் அந்த நேரத்துக் குளிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஐந்தரைக்குக் கதவை மூடிவிடுவேன். காலையில் 28.4 காட்டினால், மாலைக்குள் மெல்ல 30 வரும். இப்படி மெதுவாக ஏறி இறங்குவதை முட்டைகள் தாங்கும். அறையே முப்பத்து மூன்றைத் தாண்டும் நாட்களில் நனைத்த சாக்கை ஃபிரிட்ஜின் மேல் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பி வைப்பேன். திருச்சிக் காற்று வறண்டது, சாக்கு நன்றாகக் காயும், குளிரும். நாகப்பட்டினத்தில் இதையே செய்து பார்த்த நண்பருக்குப் பலிக்கவில்லை. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ் பாட்டில் மட்டும் வைக்காதீர்கள். அதை ஒட்டிய மூலை இருபதுக்குப் போகும், எதிர் மூலை முப்பதில் நிற்கும்.

ஒரு டிகிரிக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்குச் சென்னையை அடுத்த வடநெம்மேலி முதலைப் பண்ணையைச் சொல்வேன். 1976இல் தொடங்கிய அந்தப் பண்ணையில் சதுப்பு நில முதலையின் முட்டைகளை வைத்து ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகளில் பெண் மட்டுமே பிறந்தது. 32.5இல் ஆண் மட்டுமே. ஒன்றரை டிகிரியில் ஒரு தலைமுறையே மாறிவிடுகிறது! பாம்புகளுக்கு ஆண், பெண் என்பதைக் குரோமோசோம்தான் முடிவு செய்கிறது. ஆனால் அளவு மீறிய சூட்டுக்கு அவை கொடுக்கும் விலையை நான் கண்ணால் பார்த்தவன்.

தெர்மோஸ்டாட்டை முழுதாக நம்பாதீர்கள். அதற்குள் சுவிட்சு போல வேலை செய்யும் ரிலே ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடேற்றி அணையவே அணையாது. எனக்கு அது நடந்தது, நல்லவேளையாக முட்டை வைப்பதற்கு முந்தின வாரம். அன்றே பல்பைக் கழற்றிவிட்டு ஐந்து வாட் வெப்பக் கம்பி போட்டேன். இரண்டு நாள் விடாமல் எரியவிட்டுப் பார்த்தேன். அறையைவிட நான்கு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. நம் ஊர் இரவுக்கு அது தாராளம், ரிலே ஒட்டினாலும் முட்டை வேகாது. சூட்டை அளக்கும் சென்சாரை மூடிக்குப் பக்கத்தில் தொங்கவிடாமல் முட்டைகளின் மட்டத்தில் வையுங்கள். அது உண்மை சொல்கிறதா என்று பார்க்க, வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் அதையும் சேர்த்து அமிழ்த்துங்கள். நான் வாங்கிய மூன்றில் ஒன்று ஒன்றே கால் டிகிரி குறைத்துக் காட்டியது.

மாடித் தோட்டக் கடைகளில் விற்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டைச் சம எடைத் தண்ணீரில் பிசைந்து, முட்டைகளை அதில் பாதி புதைய வைக்கிறேன். எடுத்த நிலையிலேயே வைக்க வேண்டும். கோழி முட்டையைப் போல உருட்டினால் மேலே ஒட்டியிருக்கும் கரு அறுந்துபோகும். அதனால் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றுவேன்.

அந்த இரண்டாம் ஆண்டில், ஐம்பத்தெட்டாம் நாள் இரவு, ஒரு முட்டையின் தோலில் பிளேடால் கீறியது போல மூன்று கோடுகள் தெரிந்தன. மூக்கு நுனியில் இருக்கும் சின்னஞ்சிறு பல்லால் குட்டி உள்ளிருந்தே கிழிக்கிறது. கீறல் வழியே மூக்கு மட்டும் வந்தது. ஒரு குமிழி ஊதி உடைந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அது அப்படியே, தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக, மறுநாள் மாலை வரை முட்டையை விட்டு வரவில்லை. ஒன்பது முட்டைகளில் எட்டு பொரித்தன. வனக்காப்பாளர் அவற்றை ஓடைக்கரைப் புதருக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன்.

நாகப்பாம்பு முட்டைகளை நான் வீட்டில் ஏற்பதில்லை. அதன் குட்டிக்குப் பிறக்கும்போதே நஞ்சு உண்டு. அவற்றுக்கான பெட்டியைச் செய்து வனத்துறையிடமே கொடுத்துவிட்டேன். என் ஃபிரிட்ஜில் இப்போது சாரைப்பாம்பு முட்டைகள் பன்னிரண்டு இருக்கின்றன. இன்று முப்பத்தோராம் நாள். நான் கிளம்பும்போது 28.9 காட்டியது. மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

வணக்கம்.