இரண்டு வாளித் தண்ணீருக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம். "கொண்டாட்ட இரவில் இளைஞரை வீழ்த்துவது குளிசையா, கூடாத நட்பா?" என்ற கேள்விக்கு, குளிசையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எக்ஸ்டசி என்ற போதைக் குளிசை எடுத்தவனுக்கு உடல் கொதிக்கும் என்று எங்கள் அணித்தலைவி சொன்னதைப் பிடித்துக்கொண்ட எதிரணித் தோழர், "யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கா பஞ்சம்? இரண்டு வாளி அள்ளிக் குடித்தால் சூடு தணியாதா?" என்று கேட்டு உங்கள் கைதட்டலையும் அள்ளிக்கொண்டு போனார். அந்த இரண்டு வாளிக்குப் பதில் சொல்லாமல் நான் கதிரையில் அமரமாட்டேன்.

அதற்கு முன் கோண்டாவிலில் நான் பார்த்த ஒரு கலியாண வீட்டுக்கு வாருங்கள். மேளக்காரர் போன பிறகு இளசுகளுக்காக டிஜே வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி, கண்டவரையெல்லாம் கட்டியணைத்தார். சமையற்காரரின் கையைப் பிடித்து, உங்களைப் போன்ற மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று கண்கலங்கினார். சமையற்காரரோ சம்பளத்தில் கைவைக்கப் போகிறார்கள் என்று பயந்துபோனார். இடையிடையே அந்தத் தம்பி பல்லை நறநறவெனக் கடித்தார். அதைக் கவனித்த அம்மம்மா ஒருவர், "பெடியனுக்குப் பூச்சி" என்று நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "எத்தனை நாளாய் அப்பு இப்படி?" என்று அவர் கேட்க, "முக்கால் மணித்தியாலமாய், அம்மம்மா!" என்று தம்பி பணிவோடு சொன்னார். முக்கால் மணித்தியாலத்தில் வளர்ந்த பூச்சியை அம்மம்மா தம் ஆயுளில் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் விடவில்லை, பூச்சிக் குளிசை வாங்கிவரப் பேரனைக் கடைக்கு அனுப்பினார். ஒரு குளிசை வயிற்றில் வேலை செய்துகொண்டிருக்க, இன்னொரு குளிசை சைக்கிளில் வந்துகொண்டிருந்தது, நடுவர் அவர்களே!

அம்மம்மா கண்டது பூச்சியன்று, எக்ஸ்டசிக் குளிசையின் இரசாயனமான எம்.டி.எம்.ஏ. 1912 இல் ஜெர்மனியின் மெர்க் நிறுவனம், இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தைத் தேடிய வழியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பொருள் அது. 1985 இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. விழுங்கி அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் மனநிலையை ஆளும் இரசாயனமான செரட்டோனினின் சேமிப்பை மூளையில் அது திறந்துவிடுகிறது. அந்த அணைப்பும் கண்ணீரும் அங்கிருந்து வந்தவை. தாடை இறுகுவதும் அதே குளிசையின் வேலை. சேமிப்புக் குறைந்த அடுத்த சில நாட்களில் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். எக்ஸ்டசி என்று விற்கப்படுவதில் சில வேளை பி.எம்.ஏ. என்ற கொடிய இரசாயனம் இருக்கும். அது மெதுவாகத் தலைக்கேறுவதால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவதையும் விழுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள்.

இனி வாளிக்கு வருகிறேன். நெரிசலில் இடைவிடாது ஆடுபவனின் உடல்வெப்பம் நாற்பது பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். அப்போது தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதடையும். இது வெளியிலிருந்து வந்த சூடன்று, உள்ளே வெப்பக் கட்டுப்பாடே குலைந்த நிலை என்பதால், குடிக்கும் தண்ணீர் மட்டும் அதைத் தணிக்காது. அதைவிட மோசமானது, இந்தக் குளிசை சிறுநீரைத் தடுக்கும் ஹோர்மோனைத் தூண்டிவிடுவது. குடித்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்க, இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கி, வலிப்பு வந்து உயிரே போகலாம். தோழரே, நீங்கள் அன்போடு நீட்டிய இரண்டாவது வாளி அங்கேதான் கொண்டுபோய் விடும்.

அந்தத் தம்பியும் அன்றிரவு போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார். விடியுமுன் வலிப்பு வந்தது. வைத்தியசாலை வாசலில் இறக்கிவிட்டு மற்ற எல்லோரும் ஓடிவிட, ஒருவன் மட்டும் நின்றான். பொலிசு வரும், வீட்டில் அடி விழும் என்று தெரிந்தும், தம்பியின் தாய் கேட்டுக்கொண்டிருக்க, என்ன குளிசை, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் என்று வைத்தியரிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் முதலில் சோடியத்தைப் பார்த்தார்கள், தம்பி பிழைத்தார். குளிசையைப் பாதியாய்ப் பகிர்ந்து கொடுத்தவனும் அவன்தான் என்பதை நான் மறைக்கமாட்டேன், எதிரணியினர் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாய் அவனை ஏசவில்லை. "நீ நின்றாயே, ராசா" என்று கட்டிப்பிடித்து அழுதார். அந்தப் பிள்ளையைக் கூடாத நட்பு என்று தீர்ப்பெழுத உங்கள் பேனா துணியுமா, நடுவர் அவர்களே? நன்றி, வணக்கம்.