விடுதிப் பிள்ளையோடு என்ன பேசுகிறோம்?

(ஜார்ஜ்டவுனில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

பிள்ளையை அனைத்துலகப் பள்ளி விடுதியில் சேர்க்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு வந்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். இதே பினாங்குத் தீவில் அப்படி ஒரு விடுதியில் வளர்ந்தவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டணம், தேர்ச்சி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், இதையெல்லாம் பள்ளிக்காரர்களே உங்களுக்கு விளக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நான் பேச வந்தது உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் நடுவில் நடக்கும் பேச்சைப் பற்றி.

விடுதிப் பள்ளி பினாங்குக்குப் புதிதில்லை. அப்லண்ட்ஸ் பள்ளி 1955ல் பினாங்கு மலைமேல் தொடங்கியது, தோட்டத் துரைமார்களின் பிள்ளைகளுக்காக. தஞ்சோங் பூங்காவில் இருக்கும் டாலாட் பள்ளி வியட்நாமில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக உண்டானது. போர் வந்ததும் இடம் மாறி, 1971ல் இங்கே வந்து சேர்ந்தது. துரை வீட்டுப் பிள்ளை ரயிலேறி மலைக்குப் போன காலத்தில், அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அந்தத் தமிழ்க் கல்விக்கும் இந்தத் தீவுதான் தொடக்கம். 1816ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு ஆரம்பமானதை வைத்துத்தானே 2016ல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம்!

அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு முன்பு இருந்தது. 2012ல் அரசாங்கம் அதை நீக்கியது. கதவு அகலமாகத் திறந்தது. தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி வீட்டுப் பேரப்பிள்ளைக்கும் லாரி ஓட்டுநர் வீட்டுப் பேரப்பிள்ளைக்கும் இன்று அங்கே இடம் கிடைக்கிறது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி. நல்ல படிப்பு நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

நான் படித்த பள்ளி எனக்கு நிறையக் கொடுத்தது. ஆசிரியரிடம் எழுந்து நின்று “ஏன்?” என்று கேட்கும் துணிச்சல் அங்கேதான் வந்தது. சொந்தத் துணியைத் துவைப்பது, அறைத்தோழியோடு சண்டை போட்ட பிறகும் அதே அறையில் தூங்கி எழுவது, மறுநாள் காலையில் அவளோடேயே பசியாறப் போவது, இதெல்லாம் விடுதி சொல்லித் தந்தவை. சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குப் ‘பிரெப்’ நேரம். எல்லாரும் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். அது முடிந்ததும் கொஞ்ச நேரம் கைப்பேசி கையில் இருக்கும். அப்புறம் வார்டன் அறைக் கதவில் தொங்கும் துணித் தொங்கலில், அவரவர் எண் தைத்த பையில் அதைப் போட்டுவிட்டுப் படுக்கப் போக வேண்டும். அந்த இடைவெளியில்தான் வீட்டுக்குப் பேசுவோம். நடைபாதை முழுக்க ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்போம். கொரிய மொழி, தாய், மாண்டரின், தமிழ், எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும்.

அம்மா கேட்பார்: “சாப்பிட்டியா? என்ன சாப்பாடு? இருமல் போயிடுச்சா? காசு இருக்கா?” நான் சொல்வேன்: “ம். கோழி. போயிடுச்சு. இருக்கு.” அவ்வளவுதான். அன்பில்லாமல் இல்லை. அம்மா கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அன்புதான். ஆனால் என் தமிழ் முழுவதும் அந்த நாலு கேள்விக்குள் அடங்கிக்கொண்டே வந்தது.

விடுதியில் பிள்ளைக்குத் தமிழ் மறந்துவிடும் என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி மறப்பதில்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் போனால், அந்தப் பதின்மூன்று வயதிலேயே தமிழ் நின்றுவிடுகிறது. பிள்ளை வளர்கிறது. கோபத்தை, வெட்கத்தை, சந்தேகத்தை, கடவுள் நம்பிக்கையைப் பற்றியெல்லாம் யோசிக்கவும் வாதாடவும் கற்றுக்கொள்கிறது. அவ்வளவும் ஆங்கிலத்தில். வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்ல அதனிடம் தமிழ் இருக்காது. பெற்றோருக்கோ, பிள்ளை நம்மிடம் மனம் விட்டுப் பேசுவதில்லை, திமிர் வந்துவிட்டது என்று தோன்றுகிறது. எத்தனையோ வீடுகளில் இந்த மனத்தாங்கலைப் பார்த்துவிட்டேன். அது திமிர் இல்லை என்பதைத் தயவுசெய்து நம்புங்கள்.

ஒரு விடுமுறையில் அப்பா கேட்டார், “தத்துவம் மாதிரி ஏதோ ஒரு பாடம்னு சொன்னியே, அதுல என்னம்மா சொல்லித் தர்றாங்க?” ஒரு விஷயம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரிகிறது, அதுதான் பாடம். ஆர்வமாகத் தமிழில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டேன். அப்பா தமிழ்ப்பள்ளியில் படித்தவர், நாள் தவறாமல் நாளிதழ் வாசிப்பவர், யோசிக்கத் தெரிந்த மனிதர். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, “சரிம்மா, நல்லாப் படி” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

என் அறையில் ஒரு கொரியப் பெண் இருந்தாள். நடைபாதையில் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்கும். அம்மாவோடு தினமும் அப்படி என்ன சண்டை என்று கேட்டேன். சண்டை இல்லையாம். அம்மா ஊரிலிருந்து கதைப் புத்தகம் அனுப்புவார், இருவரும் ஒரே புத்தகத்தை வாசிப்பார்கள், கதையில் வரும் மகன் செய்தது நியாயமா இல்லையா என்று அன்றைக்கு வாதமாம். இதை அப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பு சுருட்டி அஞ்சலில் வந்தது, சிறுகதையைச் சுற்றிப் பேனாவால் கட்டம் போட்டு. தொலைபேசியில் அப்பா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போனது சரியா?” என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அன்றிலிருந்து நிறுத்தாமல் வாதாடினோம். எனக்குத் தமிழ் மறுபடியும் வளர ஆரம்பித்தது அப்படித்தான்.

இதைப் பள்ளிப் பாடத்துக்குள்ளேயும் கொண்டுவர வழியிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஐ.பி. டிப்ளோமா என்ற அனைத்துலகப் பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளியாக இருந்தால், தாய்மொழி இலக்கியத்தை மாணவரே படித்துத் தேர்வு எழுதும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இப்போதைய பாடத்திட்டத்தில் ஒன்பது படைப்புகள் படிக்க வேண்டும், சில மொழிபெயர்ப்பாகவும் இருக்கும். பள்ளியில் ஒருவர் மேற்பார்வை பார்ப்பார், அவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதோடு ஆங்கிலத்தையும் முதல் மொழியாக எடுத்து, இரண்டிலும் குறைந்தது 3 புள்ளி பெற்றால் இருமொழி டிப்ளோமா கிடைக்கும். சுலபமான பாடம் இல்லை. சங்கப் பாடல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பதினேழு வயதில் ஒரு பிள்ளை தமிழில் விமர்சனக் கட்டுரை எழுதுகிறது என்றால் அந்த உழைப்பு வீண் போகாது.

தமிழுக்கு இதைக் கேட்டு வாங்க வேண்டும். பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதனால் பாடம் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டே எழுத்தில் கேளுங்கள். “எங்களிடம் தமிழ் ஆசிரியர் இல்லை” என்று சொன்னால், அதற்காகத்தானே இந்த ஏற்பாடு என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஐ.பி. இல்லாத பள்ளி என்றால் பிள்ளை தனியார் தேர்வராக எஸ்.பி.எம். என்ற மலேசிய அரசுத் தேர்வை எழுதலாம். அதில் தமிழ் மொழியும் இருக்கிறது, தமிழ் இலக்கியமும் இருக்கிறது.

விடுதியில் தாய்மொழி பேச அனுமதி உண்டா என்பதையும் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பிள்ளை வீட்டுக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள். தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறைதான். ஆனாலும் மறுநாள் வகுப்பு இருந்தால் தூரத்துப் பிள்ளை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டில் ஓர் இரவுகூடத் தங்க முடியாது.

ஐ.பி.யில் தமிழ் இலக்கியத்தைத் தானே படிக்கும் பிள்ளைக்கு, வெளியிலிருந்து கூடவே படித்து, கட்டுரையைத் திருத்திக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்படும். அந்தப் பாடத்தைப் படித்து முடித்தவர்கள் நாங்கள் சிலர் இங்கேயே இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி வழியாகப் பிள்ளைகளோடு உட்காரத் தயார், கட்டணம் எதுவும் வேண்டாம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளையின் வயதையும் பள்ளியில் நடக்கும் பாடத்திட்டத்தையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள், அடுத்த மாதம் தொடங்கலாம்.