பிப் "இருக்கிறது" என்கிறது, பைத்தான் "இல்லை" என்கிறது: யார் சொல்வது உண்மை?

[திரையில்: கறுப்பு டெர்மினல். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பதில்கள்.]

பைத்தானுக்கான பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, நிறுவும் கருவி பிப். ரிக்வெஸ்ட்ஸ் என்ற பேக்கேஜ் வேண்டி, பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ் என்று அடிக்கிறீர்கள். "ரிக்வைர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு" என்று வருகிறது, அதாவது ஏற்கனவே இருக்கிறது, போய் வேலையைப் பார் என்கிறது. சரி என்று நிரலை ஓட்டினால் "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்". அப்படி ஒன்று இல்லவே இல்லையாம். திரும்ப இன்ஸ்டால் செய்கிறீர்கள், அதே பதில். அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி போட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட்டும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் இந்த வீடியோவுக்கு வந்திருப்பீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே பொய் சொல்லவில்லை. பிப் ஒரு பைத்தானைப் பற்றிப் பேசுகிறது, நீங்கள் ஓட்டியது வேறொரு பைத்தான்.

[திரையில்: ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பைத்தான், அதன் உள்ளே ஒரு சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர்.]

பேக்கேஜைக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அது ஏதோ ஒரு குறிப்பிட்ட பைத்தானுக்குள் போய் உட்காருகிறது. ஒவ்வொரு பைத்தானுக்கும் சைட்-பேக்கேஜஸ் என்று சொந்தமாக ஒரு ஃபோல்டர் உண்டு, 3.11-இன் ஃபோல்டரில் போட்டதை 3.13 எட்டிக்கூடப் பார்க்காது.

"நான் ஒரு பைத்தான்தானே போட்டேன்" என்பீர்கள். நீங்கள் போட்டது ஒன்றுதான். லினக்ஸ் என்றால் சிஸ்டத்தோடே ஒன்று வந்திருக்கும். மேக்கில் மென்பொருள்களை நிறுவும் ஹோம்ப்ரூ என்ற கருவி வழியாக வேறு எதையோ நிறுவும்போது, அதற்குத் தேவை என்று ஒரு பைத்தான் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும். அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பைப் போட்டிருந்தால் அதற்குள் ஒன்று. விண்டோஸில் ஒரு நாள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து எடுத்தது, அதை மறந்துவிட்டு அடுத்த வருடம் பைத்தான் தளத்தில் இருந்து எடுத்தது என்று இரண்டு சேர்ந்திருக்கும்.

ஆகவே எரர் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இன்ஸ்டால் அல்ல, விசாரணை. ஓடிக்கொண்டிருப்பது எந்தப் பைத்தான்?

[திரையில்: இரண்டு வரி நிரல். இம்போர்ட் சிஸ், அடுத்து பிரிண்ட் சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்.]

தகராறு செய்யும் நிரலின் தலையிலேயே இந்த இரண்டு வரியைப் போட்டு ஓட்டுங்கள். டெர்மினலில் தனியாக ஓட்டிப் பார்த்தால் போதாது, எங்கே எரர் வருகிறதோ அங்கேயே ஓட்ட வேண்டும், ஏனென்றால் எடிட்டர் ஒரு பைத்தானையும் டெர்மினல் இன்னொன்றையும் எடுத்துக்கொள்வது ரொம்ப சாதாரணம். நான் ஒருமுறை அரை நாள் இதில் தொலைத்தேன். டெர்மினலில் எல்லாம் சரியாக ஓடுகிறது, எடிட்டரில் ரன் பட்டனை அழுத்தினால் மட்டும் எரர், கடைசியில் பார்த்தால் எடிட்டரின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் வேறொரு வெர்ஷன் எண் இருந்திருக்கிறது, அரை நாளும் அது என் கண்ணெதிரேதான் இருந்தது. விஎஸ் கோடில் அந்த எண்ணைக் கிளிக் செய்தால் இருக்கிற பைத்தான்கள் எல்லாம் பட்டியலாக வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பிப் எந்தப் பைத்தானுடையது? பிப் மைனஸ் மைனஸ் வெர்ஷன் என்று அடித்தால், தன் வெர்ஷனோடு தான் குடியிருக்கும் ஃபோல்டரையும் சொல்லிவிடும். சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள் தந்த பாதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பைத்தானைக் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

[திரையில்: பைத்தான், இடைவெளி, மைனஸ் எம், இடைவெளி, பிப் இன்ஸ்டால்.]

இதற்கு மருந்து ஒரு பழக்கம். வெறும் பிப் இன்ஸ்டால் என்று அடிக்காதீர்கள். பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் என்று அடியுங்கள். வெறும் பிப் என்றால், பாத் பட்டியலில், அதாவது கட்டளைகளைக் கம்ப்யூட்டர் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், எந்த பிப் முதலில் சிக்குகிறதோ அது ஓடும். மைனஸ் எம் போட்டால், "இந்தப் பைத்தானே, உன்னிடம் இருக்கும் பிப்பை ஓட்டு" என்று அர்த்தம். பேக்கேஜ் எங்கே போகும் என்பதில் சந்தேகமே இல்லை. விண்டோஸில் பை என்ற லாஞ்சர் இருந்தால் இன்னும் வசதி, பை மைனஸ் மைனஸ் லிஸ்ட் என்றால் இருக்கிற வெர்ஷன்கள் எல்லாம் வரிசையாக வரும், பை மைனஸ் 3.12 என்று தொடங்கினால் அந்த வெர்ஷனே ஓடும். விண்டோஸில் பைத்தான் என்று அடித்தால் ஸ்டோர் திறக்கிறதா? ஆப் எக்ஸிக்யூஷன் அலையஸஸ் என்று செட்டிங்ஸில் தேடி, அங்கே பைத்தானுக்கான ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

ஜூபிட்டர் நோட்புக்கில் எழுதுகிறவர்கள் ஆச்சரியக்குறி போட்டு பிப் அடிப்பதை விட்டுவிட்டு, சதவீதக் குறி போட்டு அடியுங்கள். ஆச்சரியக்குறி ஷெல்லிடம், அதாவது டெர்மினல் கட்டளைகளை ஓட்டும் நிரலிடம் போகிறது, சதவீதக் குறி நோட்புக்கை ஓட்டும் பைத்தானான கெர்னலுக்குள்ளேயே நிறுவுகிறது.

பைத்தான் சரி, பிப்பும் சரி, ஆனாலும் எரர் என்றால், பெயரைப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இம்போர்ட் சிவி2 என்று எழுதுகிறோம், நிறுவ வேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான். பிஐஎல் என்று இம்போர்ட் செய்வதற்குப் பில்லோ, எஸ்கேலேர்ன் என்பதற்கு சைக்கிட்-லேர்ன், யாமல் என்பதற்குப் பையாமல். தோராயமாக ஒரு பெயரை அடித்துப் பார்ப்பது ஆபத்தும்கூட. பிரபலமான பேக்கேஜ்களின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, உள்ளே விஷமத்தை வைத்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பேக்கேஜின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் வரியைப் பார்த்து அடியுங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்: உங்கள் ஃபைலுக்கு ரேண்டம் டாட் பிஒய் என்று பெயர் வைத்திருக்கிறீர்களா? பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். நிஜமான ரேண்டமுக்குப் பதில் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, "சர்குலர் இம்போர்ட்" என்று சம்பந்தமில்லாமல் திட்டும். பெயரை மாற்றினால் போதும்.

[திரையில்: சிவப்பில் ஒரே வரி. நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்.]

இது வேறு வகை. பெயர் சரியாக இருக்கிறது, பேக்கேஜ் இணையத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, பிப் மட்டும் பொருத்தமானது எதுவும் இல்லை என்கிறது. எண் கணக்கீட்டுக்கான நம்பை போன்ற பேக்கேஜ்களில் சி மொழியில் எழுதிய பகுதி நிறைய உண்டு. அதை ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் முன்கூட்டியே கம்பைல் செய்து, வீல் என்ற ஃபைலாக வைக்கிறார்கள். அந்த ஃபைல் பெயரில் சிபி312 என்று இருந்தால் 3.12-க்கு, வின் ஏஎம்டி64 என்று இருந்தால் 64 பிட் விண்டோஸுக்கு. உங்களுக்கான வீல் இல்லை என்றால் பிப் மூலக்கோடை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். மூலக்கோடும் கிடைக்காவிட்டால் இந்தச் சிவப்பு வரி.

பைத்தான் இப்போது வருடத்துக்கு ஒரு புது வெர்ஷன், வழக்கமாக அக்டோபரில் வருகிறது. வந்த வாரமே அதைப் போட்டுக்கொண்டால், பல பேக்கேஜ்களுக்கு வீல் வந்திருக்காது. "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 தேவை" என்ற எரரும் பெரும்பாலும் இதே கதைதான், வீல் கிடைக்காமல் கம்பைல் செய்யப் போய் கம்பைலர் இல்லாமல் நின்றிருக்கிறது. உடனே ஓடிப்போய் ஜிபி கணக்கில் பில்ட் டூல்ஸை இறக்காதீர்கள். என் கருத்து, ஒரு வெர்ஷன் கீழே இறங்கிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தவறுதலாக 32 பிட் பைத்தான் போட்டிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள், அதற்கு வீல் கட்டுவதைப் பலர் நிறுத்திவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய பேக்கேஜைப் புதுப் பைத்தானில் போட்டால் "நோ மாட்யூல் நேம்டு டிஸ்ட்யூட்டில்ஸ்" வரலாம். 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கிவிட்டார்கள். இதில் நீங்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. அந்த பேக்கேஜின் புது வெர்ஷன் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் 3.11-க்குப் போங்கள்.

இங்கே ஒரு சின்னக் குழி. 3.10 என்பது மூன்று புள்ளி பத்து, மூன்று புள்ளி ஒன்று அல்ல. அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் ஃபைலில் மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால் அது தசம எண்ணாக மாறி 3.1 ஆகிவிடும், பிறகு அப்படி ஒரு பைத்தானைத் தேடி தானியங்கி பில்டு எல்லாம் விழும்.

லினக்ஸில் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது பாதுகாப்பு. டெபியன் 12 முதல் இப்படித்தான். சிஸ்டத்தின் பைத்தானை நம்பி சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளே ஓடுகின்றன, அதில் கை வைக்காதே என்று தடுக்கிறது. பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்ற ஆப்ஷனைப் போட்டால் வழிவிடும். அதன் பெயரிலேயே என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறது.

[திரையில்: பைத்தான் மைனஸ் எம் வென்வ் டாட் வென்வ். பக்கத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர் தோன்றுகிறது.]

சரியான வழி வென்வ், அதாவது ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் சூழல். 3.3-இல் இருந்தே பைத்தானோடு வருகிறது, டெபியன், உபுண்டுவில் மட்டும் பைத்தான்3-வென்வ் என்று தனியாகப் போட வேண்டியிருக்கும். புராஜெக்டுக்கு ஒரு வென்வ், அதை ஆக்டிவேட் செய்துகொண்டால் பைத்தானும் பிப்பும் அதற்குள்ளேயே இருந்து வரும், ஆரம்பத்தில் பார்த்த சண்டைக்கே இடமில்லை. எந்தப் பைத்தானால் உருவாக்குகிறீர்களோ அந்த வெர்ஷன்தான் அதில் இருக்கும், ஆகவே 3.12 வேண்டுமென்றால் 3.12-ஐ வைத்து உருவாக்குங்கள். யூவி என்ற கருவியைப் பயன்படுத்தினால், கேட்ட வெர்ஷன் இல்லாவிட்டாலும் அதுவே இறக்கிக்கொள்ளும்.

வென்வ் ஃபோல்டரை நகர்த்தாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், இன்னொரு கம்ப்யூட்டருக்கு காப்பி செய்யாதீர்கள். உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும், இடம் மாறினால் உடையும். அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. பேக்கேஜ் பெயர்கள் ரிக்வைர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டியில் இருந்தால் போதும். குழம்பிவிட்டதா, வென்வ் ஃபோல்டரை அழித்துவிட்டு, புதிதாக ஒன்று உருவாக்கி, அந்தப் பட்டியலை மைனஸ் ஆர் போட்டு ஏற்றுங்கள்.

[திரையில்: இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ். அடுத்த வரியில் கர்சர் மட்டும் மின்னுகிறது.]

இப்போது இம்போர்ட் செய்து பாருங்கள். ஒரு வரியும் வரவில்லையா? சரி, ஓடிவிட்டது.